பாராட்டப்பட்டும் கேட்கப்படாத இசைத்தட்டு

ஒரு நூலையோ நாடகத்தையோ இசையையோ ஆராய்ந்து, அதன் குணமும் குற்றமும் நாடி உலகிற்கு எடுத்துரைப்பவர் திறனாய்வாளர். அவருடைய சொல்லுக்கு உலகியலில் எத்துணை வலிமை உண்டு? நல்லதென்று அவர் கூறிய ஒன்று நாட்டில் நின்று நிலைப்பதற்கு அச்சொல் மட்டும் போதுமா? இவ்வினாக்களுக்கு நூல்களின் வரலாற்றிலிருந்து விடை காண்பது வழக்கம். இன்று நான் வேறொரு துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் மெம்பிஸ் நகரில் 1972 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இசைத்தட்டின் கதை. அதனை ஆக்கியவர்கள் 'பிக் ஸ்ரார்' என்னும் இசைக்குழுவினர். அவர்களுடைய முதல் இசைத்தட்டு அது. பத்திரிகைகள் அதனைப் பாராட்டின. ஆயினும் அந்நாளில் அதனை வாங்கிக் கேட்டவர் மிகச் சிலரே.

அவர்கள் பாடிய இசையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அதற்குப் 'பவர் பொப்' என்று பெயர். இச்சொற்றொடரை 1967 ஆம் ஆண்டிலே 'தி ஹூ' என்னும் ஆங்கில இசைக்குழுவைச் சேர்ந்த பீற் ரவுன்சென்ட் தம் குழுவின் இசையைக் குறிக்க வழங்கினார். பின்னர் அது ஓர் இசைவகையின் பெயராக நிலைபெற்றது. மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் முடியும் குறும்பாட்டு, ஒருமுறை கேட்டதும் நெஞ்சிற் பதியும் மெட்டு, இருவர் மூவர் குரல்கள் இணைந்து எழுப்பும் ஒத்திசை, அவற்றின் கீழே முழங்கும் மின்கிற்றார், உரத்த முரசு ஆகிய இவை சேர்ந்ததே இவ்வகை. மென்மையும் முழக்கமும் ஒருங்கே அமைதல் அதன் தனிச்சிறப்பு. இதற்கு ஊற்றாக அமைந்தவை 1960 களில் இங்கிலாந்திலே தோன்றிய பீற்றில்ஸ் முதலான குழுக்களின் பாடல்கள்.

1970 ஆம் ஆண்டில் பீற்றில்ஸ் குழு பிரிந்தது. அதன்பின் றொக் இசையின் போக்கு மாறியது. நீண்ட வாத்திய ஆலாபனைகளும், ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் பெரும் பாட்டுக்களும் மதிப்புப் பெற்றன. குறும்பாட்டை மனமுவந்து இயற்றியோர் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்திலே அக்குறும்பாட்டையே தம் கலையாகக் கொண்டு நான்கு இளைஞர்கள் முன்வந்தனர். அவர்கள் தோன்றிய இடமோ இங்கிலாந்து அன்று. மிசிசிப்பி ஆற்றின் கரையிலுள்ள மெம்பிஸ்.

மெம்பிஸ் நகரம் இசைக்குப் பெயர் பெற்றது. எல்விஸ் பிறெஸ்லி 1954 ஆம் ஆண்டிலே தம் முதல் வணிக இசைத்தட்டுக்காகப் பாடியது அங்கேதான். கறுப்பின மக்களின் 'சோல்' இசையை உலகறியச் செய்த ஸ்ராக்ஸ் நிறுவனமும் அந்நகரத்ததே. ஒற்றிஸ் றெடிங், ஐசாக் ஹேய்ஸ் முதலியோர் அந்நிறுவனத்தின் வழியே புகழ் பெற்றனர். 1968 ஏப்பிரில் மாதத்தில் மாட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்நகரிலேயே. சோல் இசையே நகரின் குரலாக இருந்த அவ்விடத்தில், ஆங்கில நாட்டின் குறும்பாட்டிலே மனம் பறிகொடுத்த வெள்ளை இளைஞர் சிலர், சொந்த ஊரிலேயே அயலார் போல வாழ்ந்தனர் என்று கூறினும் பிழையாகாது.

அவர்களுள் முதன்மையானவர் கிறிஸ் பெல். 1951 ஆம் ஆண்டிற் பிறந்தவர், பாடகர், கிற்றார் வாசிப்பவர், ஒலிப்பதிவின் நுட்பங்களிலே பெரும் வேட்கை கொண்டவர். அன்டி ஹம்மல் தாழ்சுருதிக் கிற்றாரையும் ஜோடி ஸ்ரீவன்ஸ் முரசுகளையும் வாசித்தனர். இவர்கள் மூவரும் அமைத்திருந்த குழுவில் 1971 ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தவர் அலெக்ஸ் சில்ற்றன். அவர் புதியவர் அல்லர். 'பொக்ஸ் ரொப்ஸ்' என்னும் குழுவின் பாடகராய், 1967 ஆம் ஆண்டிலே, தம் பதினாறாம் வயதில், 'த லெற்றர்' என்னும் பாடலைப் பாடி அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றவர். ஆயினும் அக்குழுவிலே பிறர் எழுதியதைப் பிறர் விரும்பியவாறு பாடும் நிலையே அவருக்கு வாய்த்திருந்தது. தம் சொந்தப் பாட்டைத் தம் சொந்தக் குரலிற் பாட வேண்டும் என்னும் வேட்கையே அவரை இவர்களிடம் கொண்டுவந்தது.

இவர்களுக்கு இடம் கொடுத்தவர் ஜோன் பிறை. அவர் 'ஆர்டன்ற்' என்னும் ஒலிப்பதிவு நிலையத்தை நிறுவியவர், தேர்ந்த ஒலிப்பதிவாளர். ஆர்வமுடைய இளைஞருக்குக் கருவிகளைக் கையாளும் முறையைக் கற்பித்து, பிறர் பயன்படுத்தாத வேளைகளிலே நிலையத்தை அவர்களிடமே ஒப்படைத்தார். நல்லாசிரியர் ஒருவர் செய்வதும் இதுவே அன்றோ? நிலையத்தின் அயலிலே 'பிக் ஸ்ரார்' என்ற பெயருடைய பலசரக்குக் கடை ஒன்று இருந்தது. 'பெரு நட்சத்திரம்' என்பது அதன் பொருள். அப்பெயரையே இளைஞர்கள் தம் குழுவிற்குச் சூட்டினர். இசைத்தட்டிற்கோ 'நம்பர் வன் றெக்கோட்', அதாவது 'முதலாம் இலக்க இசைத்தட்டு' என்று பெயரிட்டனர். ஒருவராலும் அறியப்படாத ஒரு குழு தன்னைப் பெரு நட்சத்திரம் என்றும், தன் முதல் ஆக்கத்தை முதலாம் இலக்கம் என்றும் அழைத்துக்கொண்டது. அது இளமையின் விளையாட்டு; ஆயினும் அவ்விளையாட்டினுள்ளே உண்மையான ஆசை ஒன்றும் இருந்தது.

அத்தட்டிலே பன்னிரண்டு பாட்டுக்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பெல், சில்ற்றன் ஆகிய இருவர் பெயராலும் வெளிவந்தன. பீற்றில்ஸ் குழுவின் லெனன், மக்காட்னி இருவரும் தம் பெயர்களை இணைத்து வழங்கியதைப் பின்பற்றிய முறை அது. 'ஃபீல்' என்ற முதற்பாட்டு பெல்லின் உச்சக் குரலோடு முழங்கித் தொடங்குகின்றது. 'இன் த ஸ்றீற்' என்பது மாலை வேளையில் வீதியிலே பொழுது போக்கும் இளைஞரின் பாட்டு. 'தேர்ட்டீன்' என்பதோ கிற்றாரின் மெல்லிய ஒலியுடன் பதின்மூன்று வயதின் கள்ளமற்ற காதலைக் கூறுவது. ஹம்மல் இயற்றிய 'தி இன்டியா சோங்' என்னும் பாட்டு, இந்தியாவைக் கண்டறியாத இளைஞன் ஒருவன் அந்நாட்டு வாழ்வைப் பற்றிக் காணும் பகற்கனவு. தட்டின் முற்பகுதி முழக்கத்தையும் பிற்பகுதி மென்மையையும் மிகுதியாகக் கொண்டது. ஒலிப்பதிவின் தெளிவு அக்காலத்துப் பெரு நிறுவனங்களின் ஆக்கங்களுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

தட்டு வெளிவந்ததும் பத்திரிகைகள் கூறியது என்ன? ஒரு புதுக் குழுவின் முதல் ஆக்கத்திற்கு அத்தகைய வரவேற்பு எளிதிற் கிட்டுவதன்று. இசை வணிகத்தின் முதன்மை ஏடாகிய 'பில்போட்', அத்தட்டிலுள்ள எந்தப் பாட்டையும் தனித்தட்டாக வெளியிடலாம் என்ற கருத்தை வெளியிட்டது. வணிக ஏடு ஒன்று கூறத்தக்க மிக உயர்ந்த பாராட்டு அது. 'கேஷ் பொக்ஸ்', 'றெக்கோட் வேர்ல்ட்' ஆகிய ஏனைய வணிக ஏடுகளும் அதனைச் சிறப்பித்தன. இளைஞர் பெரிதும் மதித்த 'றோலிங் ஸ்ரோன்' இதழிலே பட் ஸ்கோப்பா என்னும் திறனாய்வாளர் 1973 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய மதிப்புரையும் அதனைத் தரமான ஆக்கம் என்றே ஏற்றுக்கொண்டது.

இனி விற்பனையை நோக்குவோம். அத்தட்டு முதன்முதல் வெளிவந்த காலத்திலே பத்தாயிரம் படிகள்கூட விற்பனையாகவில்லை. அதே 1972 ஆம் ஆண்டில், அதே இசைவகையைச் சேர்ந்த 'றாஸ்பெறீஸ்' என்னும் வேறொரு குழுவின் 'கோ ஓல் த வே' என்ற பாடல் அமெரிக்க விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தை எட்டியது. ஆகவே, அக்காலத்து மக்களுக்கு இவ்வகை இசை பிடிக்கவில்லை என்று கூறித் தப்பிக்க இயலாது. றாஸ்பெறீஸ் குழுவின் பின்னே 'கப்பிற்றல்' என்னும் பெரு நிறுவனம் நின்றது. பிக் ஸ்ரார் குழுவின் பின்னே நின்றது எது? இங்கேதான் கதையின் உண்மையான முடிச்சு இருக்கின்றது.

ஆர்டன்ற் நிறுவனத்திற்கு நாடெங்கும் தட்டுக்களை அனுப்பும் வசதி இல்லை. அப்பொறுப்பை ஸ்ராக்ஸ் ஏற்றிருந்தது. ஸ்ராக்ஸ் நிறுவனத்தாருக்குச் சோல் இசையை எந்த வானொலி நிலையத்திற்குக் கொடுப்பது, எந்தக் கடையில் வைப்பது என்பது நன்கு தெரியும். றொக் இசை விற்கும் கடைகளோடும் அதனை ஒலிபரப்பும் நிலையங்களோடும் அவர்களுக்கு அத்துணைப் பழக்கம் இல்லை. அதன் பயன் விந்தையானது. சில வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பின, கேட்டவர்கள் விரும்பினர், கடைக்குச் சென்று வினவினர், தட்டோ கடையில் இல்லை. வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டு, அதனை மீண்டும் கேட்க விரும்பித் தேடி அலைந்த அனுபவம் நேயர்கள் பலருக்கும் இருக்கும். அவ்வலைச்சலே ஒரு குழுவின் எதிர்காலத்தை அழித்துவிட்டது என்றால் அது மிகையன்று.

இக்குறையை நீக்கும் பொருட்டுப் போலும், 1972 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்ராக்ஸ் நிறுவனம் 'கொலம்பியா' என்னும் மாபெரும் நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்தது. நோய்க்கு மருந்து கிடைத்தது என்று இளைஞர்கள் எண்ணினர். நடந்ததோ வேறு. கொலம்பியா தன் சொந்த விநியோக முறையையே நம்பியது; முன்னர் ஊர்தோறும் தட்டுக்களைப் பரப்பிவந்த சிறு விநியோகத்தரை அது வேண்டவில்லை. கடைகளில் எஞ்சியிருந்த சில படிகளும் திரும்பப் பெறப்பட்டன. ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாத இறுதியிலே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் இரு நிறுவனங்களுக்குமிடையே பூசல் முற்றியது. யானைகள் இரண்டு பொருதும் களத்திலே புல்லுக்கு நேர்வதே இவ்விசைத்தட்டிற்கும் நேர்ந்தது.

தோல்வியால் மிகுதியும் நொந்தவர் கிறிஸ் பெல். ஒவ்வொரு குரலையும் ஒவ்வோர் ஒலியையும் இரவிரவாக இருந்து செப்பஞ்செய்தவர் அவர். தட்டு விலைபோகாமை அவருக்கு ஒரு துயரம். வேறொரு துயரமும் இருந்தது. பாராட்டி எழுதியோர் பலரும், ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த சில்ற்றனின் பெயரையே முன்னிறுத்தி எழுதினர். எழுதியவர்கள் தீங்கு கருதினார் அல்லர். வாசகர் அறிந்த பெயரைக் கூறி அறியாத ஒன்றை அறிமுகம் செய்தல் பத்திரிகை வழக்கம். ஆயினும், தம் உயிரையே வைத்து ஆக்கிய ஒன்றிலே தாம் துணையாளராகக் காட்டப்படுவதை அவ்விளைஞரால் தாங்க இயலவில்லை. மனச்சோர்வு அவரைப் பற்றியது. நண்பரிடையே பிணக்குகள் தோன்றின. 1972 ஆம் ஆண்டின் முடிவிலே அவர் தாம் தொடங்கிய குழுவை விட்டு நீங்கினார். இகழ்ச்சி மட்டுமன்றிப் பாராட்டும் ஒருவரைப் புண்படுத்தக்கூடும் என்பதைத் திறனாய்வு செய்வோர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

குழு கலைந்தது என்றே அனைவரும் எண்ணினர். அவ்வேளையில் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 1973 மே மாத இறுதியில், அதாவது டேவிஸ் பதவியிழந்த அதே நாட்களில், ஆர்டன்ற் நிறுவனத்தார் நாடெங்குமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட றொக் இசை எழுத்தாளரை மெம்பிஸ் நகருக்கு அழைத்து மாநாடு ஒன்று கூட்டினர். எழுத்தாளர் சங்கம் ஒன்று அமைத்தல் என்பது வெளிப்படையான நோக்கம். தம் குழுக்களின் இசையை அவர்களுக்குக் கேட்பித்தல் உள்நோக்கம். அக்காலத்துப் புகழ்பெற்ற திறனாய்வாளராகிய லெஸ்ரர் பாங்ஸ் முதலியோர் அங்கே வந்திருந்தனர். 'லஃபயெற்ஸ்' என்னும் இசைமன்றத்திலே, பெல் இல்லாத குறையோடு எஞ்சிய மூவரும் மேடையேறினர். கையைக் கட்டிக்கொண்டு குறை காண்பதையே தொழிலாகக் கொண்ட எழுத்தாளர் கூட்டம், அன்றிரவு இருக்கையை விட்டெழுந்து ஆடியது என்பர்.

அந்த ஓர் இரவின் வரவேற்பே மூவருக்கும் ஊக்கம் அளித்தது. அவர்கள் பிரியும் எண்ணத்தைக் கைவிட்டு இரண்டாவது இசைத்தட்டை ஆக்கினர். 'றேடியோ சிற்றி' என்னும் அத்தட்டு 1974 ஆம் ஆண்டில் வெளிவந்தது. திறனாய்வாளரின் சொல் முதல் தட்டை விற்றுக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டாவது தட்டைப் பிறக்கச் செய்தது. அதற்கும் பாராட்டுக் கிடைத்தது. அதற்கும் கடைகளில் இடம் கிடைக்கவில்லை. ஹம்மல் விலகிப் படிப்பிற்குத் திரும்பினார். சில்ற்றனும் ஸ்ரீவன்ஸும் 1974 ஆம் ஆண்டிலே பதிவு செய்த மூன்றாவது ஆக்கத்தை வெளியிட முன்வருவார் இல்லை. 1975 டிசெம்பரில் ஸ்ராக்ஸ் நிறுவனமே முறிந்து மூடப்பட்டது.

இக்கதையில் 1978 ஆம் ஆண்டு தனியே குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலே முதலிரு தட்டுக்களும் ஒன்றாக இணைக்கப்பட்டு இங்கிலாந்தில் மறுபதிப்புப் பெற்றன. நான்காண்டுகள் உறங்கிக் கிடந்த மூன்றாவது ஆக்கமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. தம் குடும்பத்தாரின் உணவுச்சாலைத் தொழிலில் உதவியாக இருந்த கிறிஸ் பெல், முன்னர்ப் பதிவு செய்து வைத்திருந்த 'ஐ ஆம் த கொஸ்மொஸ்' என்னும் பாடலும், கிறிஸ் ஸ்ரேமி என்ற அன்பரின் சிறு நிறுவனம் வழியாக, அதே ஆண்டிலே தனித்தட்டாக வெளிப்பட்டது. விடியல் தோன்றியது போலவே இருந்தது. ஆனால் 1978 டிசெம்பர் 27 ஆம் நாள் பின்னிரவிலே, பெல் செலுத்திய கார் மெம்பிஸ் வீதியோரக் கம்பம் ஒன்றில் மோதியது. அவர் இறந்தபோது வயது இருபத்தேழு. தம் பாட்டுக்கள் உலகெங்கும் பரவப்போவதை அவர் அறியாமலே மறைந்தார்.

அதன்பின் நடந்தது வேறு வகையான வளர்ச்சி. விற்கப்படாத அத்தட்டின் படிகள் பழைய தட்டுக் கடைகளில் கிடந்தன. முன்னர்ப் படித்த மதிப்புரையை நினைவில் வைத்திருந்த இளைஞர்கள் அவற்றைத் தேடி எடுத்தனர்; நண்பருக்குப் பதிவு செய்து கொடுத்தனர். அவ்விளைஞருட் சிலர் தாமே இசைக்குழு அமைத்தனர். ஜோர்ஜியா மாநிலத்து 'ஆர். ஈ. எம்.' குழுவினர் பிக் ஸ்ரார் குழுவைத் தம் முன்னோடியாகக் கூறினர். 'பாங்கிள்ஸ்' குழுவினர் 1986 ஆம் ஆண்டிலே 'செப்ரெம்பர் கேர்ல்ஸ்' என்னும் பாடலைத் தம் தட்டிற் பாடினர். 'றீப்பிளேஸ்மன்ற்ஸ்' குழுவினர் 1987 ஆம் ஆண்டிலே 'அலெக்ஸ் சில்ற்றன்' என்று பெயரிட்டே ஒரு பாட்டு இயற்றினர். அதனைப் பதிவு செய்ததும் மெம்பிஸ் ஆர்டன்ற் நிலையத்திலேதான். ஸ்கொத்லாந்தின் 'ரீனேஜ் ஃபான்கிளப்' குழுவினரும் இவ்வழி வந்தவரே. 1992 ஆம் ஆண்டிலே பெல்லின் எஞ்சிய பதிவுகள் ஒரு முழுத் தொகுதியாக வெளியிடப்பட்டன. 1993 ஏப்பிரில் மாதத்தில், மிசூரிப் பல்கலைக்கழகத்தில், சில்ற்றனும் ஸ்ரீவன்ஸும் இளைய தலைமுறையினர் இருவரைத் துணைக்கொண்டு மீண்டும் பிக் ஸ்ரார் என்ற பெயரிலே மேடையேறினர்.

1998 ஆம் ஆண்டிலே தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர் 'இன் த ஸ்றீற்' பாட்டைத் தன் முகப்பிசையாகக் கொண்டது. 1970 களின் வாழ்வைச் சித்திரிக்கும் தொடர் அது. அப்பாட்டோ 1970 களின் மக்களிற் பெரும்பாலோர் கேட்டறியாதது. ஒரு காலத்தின் சின்னமாக அக்காலத்தார் அறியாத பாட்டே வந்து நின்றது. 2003 ஆம் ஆண்டில் றோலிங் ஸ்ரோன் இதழ் தொகுத்த தலைசிறந்த ஐந்நூறு இசைத்தொகுதிகளின் வரிசையில், பிக் ஸ்ரார் குழுவின் மூன்று ஆக்கங்களும் இடம்பெற்றன; முதல் தட்டுக்கு 438 ஆம் இடம் கிடைத்தது. 2010 மார்ச் மாதத்தில் சில்ற்றனும், அதே ஆண்டு யூலை மாதத்தில் ஹம்மலும், 2014 டிசெம்பரில் ஜோன் பிறையும் காலமாயினர். முதற்குழுவினருள் எஞ்சியவர் ஸ்ரீவன்ஸ் ஒருவரே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? நல்லது என்றேனும் வென்றே தீரும் என்று கூறி அமைதி கொள்வது எளிது. நான் அவ்வாறு கூறத் துணியேன். அத்தட்டு பிழைத்தது தானாக அன்று. மறுபதிப்புச் செய்தோர், பழைய கடைகளிலே தேடியோர், தம் மேடையிலே எடுத்துப் பாடியோர் எனப் பலரின் உழைப்பினாற் பிழைத்தது. அவ்வுழைப்பு வாய்க்காமல் மறைந்துபோன நல்ல ஆக்கங்கள் எத்தனை என்பதை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. பிற்காலத்துப் புகழ் கிறிஸ் பெல்லுக்கு எவ்வகையிலும் ஆறுதல் ஆகாது என்பதையும் மறத்தல் கூடாது.

வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். பின்வந்த திறனாய்வாளருட் சிலர், தோல்வியே இக்குழுவின் பெருமை என்னும்படி எழுதினர். விலைபோகாதது எல்லாம் உயர்ந்தது என்று எண்ணுவது, விலைபோனது எல்லாம் உயர்ந்தது என்று எண்ணுவதற்குச் சற்றும் குறையாத பிழை. சில்ற்றனே தம் இளமைக் காலப் பாட்டுக்களைப் பிறர் வியந்த அளவிற்கு வியக்கவில்லை. அத்தட்டை மதிக்க வேண்டியது அதன் பாட்டுக்களுக்காகவே. அதனை ஆக்கியோரின் துன்பத்திற்காக அன்று.

திறனாய்வாளரின் சொல் சந்தையை அசைக்கவில்லை. விநியோக வண்டியை ஓட்டவில்லை. கடையிலே தட்டை வைக்கவில்லை. ஆயினும் 1972 ஆம் ஆண்டிலே அச்சான அம்மதிப்புரைகள் சாட்சியாக எஞ்சின. இங்கே ஒன்று இருக்கின்றது, கேட்டுப் பாருங்கள் என்று அவை கூறின. அச்சொல்லைப் பத்தாண்டும் பதினைந்தாண்டும் கழித்துப் படித்தவர்கள் தேடிச் சென்றனர். ஆகவே, திறனாய்வு செய்வோரின் கடமை உண்மையைக் காலத்தே எழுதி வைத்தல். அதனைப் படித்தோரின் கடமை ஒன்றும் உண்டு. நன்று என்று கேள்விப்பட்டதை, அதனை ஆக்கியவர் உயிரோடிருக்கும்போதே, தேடிச் சென்று கேட்டல்.